ஊர்ப்பெயரை யாரிடம் கேட்பது?

கொல்லிமலையில் 14 நாடுகள் உண்டு. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று நீளும் அந்த வரிசையில் ஒவ்வொன்றும் இன்றைக்கு ஓர் ஊராட்சி. செம்மேட்டில் பேருந்துக்காக நிற்கும் ஒருவர் "தேவனூர் போகணும்" என்றால், எந்தத் தேவனூர் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அதையே மைசூரில் போய்ச் சொன்னால் நஞ்சன்கூடு வட்டத்தில் இருக்கும் தேவனூருக்கு வழி காட்டுவார்கள். கன்னட எழுத்தாளர் தேவனூர மகாதேவ பிறந்த ஊர் அது. பெயர் ஒன்றுதான், சொல்லும் இடம் மாறினால் அது காட்டும் ஊரும் மாறிவிடுகிறது. சென்னையிலிருந்து கடிதம் போடுகிறவர் தேவனூர் நாடு, கொல்லிமலை வட்டம், நாமக்கல் மாவட்டம் என்று முழுதாக எழுதியாக வேண்டும். மலைக்குள் இருப்பவருக்கு முதல் சொல்லே போதும். மிச்சத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார்.

இணையத்தில் பெயர்கள் புழங்கும் விதமும் இதுதான். தேவனூர் நாட்டில் மிளகும் காபியும் போட்டிருக்கும் ஒருவர் தன் நிலத்தின் சிட்டாவைப் பார்க்கக் கைப்பேசியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போக வேண்டிய இடம் இசர்வீசஸ்.டிஎன்.கவ்.இன். வலது கோடியிலிருந்து படித்தால் இந்தியா, அரசு, தமிழ்நாடு, பிறகு அந்தச் சேவை. ஆனால் கைப்பேசி அனுப்பும் தகவல் பொட்டலத்தின் மேல் இந்தப் பெயரை எழுத முடியாது. அங்கே எழுத வேண்டியது ஐபி முகவரி எனப்படும் எண். பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கும் ஏற்பாட்டுக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர்.

எண்ணைத் தேடும் பெரிய வேலையைக் கைப்பேசி செய்வதில்லை. ரிசால்வர் என்னும் சர்வர் ஒன்று அதற்காக இருக்கிறது. அது மூல சர்வர்களில் தொடங்கி, '.இன்' சர்வர், 'கவ்.இன்' சர்வர் என்று படிப்படியாகக் கேட்டுக்கொண்டே போய் விடையோடு திரும்பும். மூல சர்வர்களுக்கு உலகெங்கும் பிரதிகள் உண்டு. அவற்றில் 'எஃப்' என்னும் மூல சர்வரின் பிரதி 2005இல் சென்னைக்கு வந்தது. இந்தப் பெரிய பயணத்தைப் பற்றி எழுதாத கணினிப் புத்தகம் இல்லை. அந்தப் பயணம் தொடங்குவதற்கு முன்பே ஒரு சின்னக் கேள்விக்கு விடை வேண்டும்: கைப்பேசி எந்த ரிசால்வரிடம் கேட்பது? அதை யார் முடிவு செய்வது? இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விதான். இணையம் ஒரு மலையூரை மதிக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தெரிகிறது என்பது என் எண்ணம்.

இதன் கதை பழையது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரும் அவருடைய குழுவினரும் அந்தக் கோப்பைப் பராமரித்தார்கள். ஒரு புதிய கணினி சேர்ந்தால் கோப்பில் ஒரு வரி கூடும். எல்லோரும் மறுபடி ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார். அடுத்த ஆண்டே பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் யூனிக்ஸ் கணினிகளுக்காக அதை நிரலாக எழுதினார்கள். அதன் பெயர் பைண்ட். அதோடு ஒரு லைப்ரரியும் வந்தது. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் நிரல் துண்டுகளின் தொகுப்பு அது. எந்த நிரலும் அதை இரவல் வாங்கிக்கொள்ளலாம். எந்த ரிசால்வரிடம் கேட்பது என்பதை அந்த லைப்ரரி 'ரிசால்வ்.கான்ஃப்' என்னும் சின்னக் கோப்பைத் திறந்து தெரிந்துகொண்டது. நாற்பது ஆண்டுகளாகியும் லினக்ஸ் கணினிகளில் அந்தக் கோப்பு அதே பெயரோடு, ஏறக்குறைய அதே வடிவத்தில் இருக்கிறது.

திறந்து பார்த்தால் பெரும்பாலும் மூன்று வகை வரிகள்தான் இருக்கும்.

'நேம்சர்வர்' என்று தொடங்கும் வரியில் ரிசால்வரின் ஐபி முகவரி. லினக்ஸில் பரவலாகப் புழங்கும் ஜிலிப்சி லைப்ரரி இப்படி மூன்று முகவரிகள் வரைதான் எடுத்துக்கொள்ளும். நான்காவதாக எழுதியதை அது பார்ப்பதே இல்லை. இந்த முகவரிகளை யாரும் உட்கார்ந்து தட்டுவதில்லை. வீட்டு ரவுட்டரோடு கணினி சேரும்போது டிஎச்சிபி என்னும் நெறிமுறை வழியாக ரவுட்டரே அவற்றைச் சொல்லிவிடும். கைப்பேசிக்கு டவரோடு இணையும் நேரத்தில் சேவை நிறுவனம் சொல்லும். ஊராட்சிக்குக் கண்ணாடி இழை வந்தால் அதன் முனையில் இருக்கும் கருவி சொல்லும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இப்படி இணைப்பது என்பதுதான் பாரத்நெட்டின் கீழ் டான்ஃபிநெட் நிறுவனம் எடுத்துக்கொண்ட பணி. ஆக, ஒருவர் எந்த வலையமைப்பில் நிற்கிறாரோ, அந்த வலையமைப்பு தன் ரிசால்வரை அவருக்குக் காட்டிக்கொடுக்கிறது.

'சர்ச்' என்று தொடங்குவது இரண்டாவது வரி. செம்மேட்டுக்காரர் 'தேவனூர்' என்ற அரைப் பெயரோடு 'கொல்லிமலை, நாமக்கல்' என்று தானாகச் சேர்த்துக்கொள்வதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் வரி இது. ஓர் அலுவலகத்துக்குள் 'பிரிண்டர்' என்று மட்டும் தட்டினால், அந்த அலுவலகத்தின் களப்பெயரைப் பின்னால் ஒட்டி லைப்ரரி தேடும்.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு கண்ணி இருந்தது. பழைய லைப்ரரிகள் முழுப் பெயரைக் கொடுத்தாலும் முதலில் பின்னொட்டைச் சேர்த்துத்தான் தேடின. அதுவும் பின்னொட்டை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே போய்த் தேடின. '.காம்' என்று முடியும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் '.எட்யு' என்று முடியும் ஒரு பல்கலைக்கழகப் பெயரைத் தட்டினால், கடைசிப் படியில் 'பல்கலைக்கழகம்.எட்யு.காம்' என்று ஒரு தேடல் போகும். 'எட்யு.காம்' என்ற பெயரை ஒருவர் பதிவு செய்து வைத்திருந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய இணைப்புகள் முன்பின் தெரியாத ஒருவரின் கணினிக்குப் போகும் நிலை வந்தது. 1993 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 1535 என்ற ஆவணம் இதை விளக்கி எச்சரித்தது. அதன் பிறகுதான், பெயருக்குள் புள்ளி இருந்தால் அதை முதலில் முழுப் பெயராகவே தேடு என்ற விதி லைப்ரரிகளில் நிலைத்தது. எத்தனை புள்ளி இருந்தால் முழுப் பெயர் என்பதைச் சொல்லும் அமைப்புக்கு 'என்டாட்ஸ்' என்று பெயர். வழக்கமான அளவு 1.

அந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெரிய சர்வர் கூடங்களில் நிரல்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் மென்பொருள், தனக்குள் ஓடும் நிரல்களுக்கு என்டாட்ஸ் 5 என்று எழுதிக் கொடுக்கிறது. பின்னொட்டுகள் வழக்கமாக மூன்று. நம் சிட்டா முகவரியில் புள்ளிகள் மூன்றுதான், ஐந்துக்குக் குறைவு. ஆகவே அது அரைப் பெயராகக் கருதப்படும். மூன்று பின்னொட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடித் தோற்ற பிறகே உள்ளபடியான பெயர் தேடப்படும். ஒவ்வொரு தேடலிலும் பழைய வகை முகவரிக்கு ஒரு கேள்வி, ஐபிவி6 முகவரிக்கு ஒரு கேள்வி. ஆறு கேள்விகள் வீண். அந்த ஆறையும் தவிர்க்க ஒரு வழி உண்டு: பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் அது முழுப் பெயர் என்று ஆகிவிடும். இந்தச் சிறு புள்ளியை மதிக்காத லைப்ரரியை நான் நம்புவதில்லை.

மூன்றாவது வரி 'ஆப்ஷன்ஸ்'. எவ்வளவு நேரம் காத்திருப்பது, எத்தனை முறை கேட்பது போன்றவை இதில் வரும். ஜிலிப்சியின் வழக்கம் 5 வினாடி, 2 முறை. ஒரே ஒரு ரிசால்வர் இருந்து அதுவும் பதில் சொல்லவில்லை என்றால் 10 வினாடி போய்விடும். நகரத்தில் இருப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். வளைவுக்கு வளைவு சிக்னல் மறையும் மலைப்பாதையில், பொட்டலங்கள் தொலைந்துபோவது அன்றாட விஷயம். அங்கே இந்த எண்கள்தான் பக்கம் திறக்கிறதா, மனிதர் சலித்துப்போய்க் கைப்பேசியைச் சட்டைப் பையில் போடுகிறாரா என்பதைத் தீர்மானிக்கின்றன.

இதே வரியில் 'சிங்கிள்-ரிக்வெஸ்ட்' என்று இன்னொரு சொல்லும் வரலாம். 2008இல் வந்த ஜிலிப்சி 2.9, இரண்டு வகை முகவரிகளுக்கான கேள்விகளையும் ஒரே நேரத்தில் அனுப்பத் தொடங்கியது. நேரம் மிச்சம் என்பதுதான் நோக்கம். ஆனால் விலை குறைந்த ரவுட்டர்கள் சில, அடுத்தடுத்து வரும் இரண்டு கேள்விகளில் ஒன்றைத் தவறவிட்டன. பதில் வராத கேள்விக்காக லைப்ரரி 5 வினாடி காத்திருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சரியாக ஐந்து வினாடி தாமதம் என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான் காரணமோ என்று நினைக்கும் அளவுக்கு இது அடிக்கடி கண்ணில் படும். கேள்விகளை ஒவ்வொன்றாக அனுப்பு என்று சொல்வதுதான் சிங்கிள்-ரிக்வெஸ்ட். வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவர் ரவுட்டரின் குணம் தெரிந்து இந்தச் சொல்லை எழுதி வைத்திருப்பார். அந்த வரியைப் படிக்காத லைப்ரரியோடு ஒரு செயலி வந்தால், அவர் தீர்த்து வைத்த நோய் திரும்பி வரும்.

இவ்வளவு பேசியும் ரிசால்வ்.கான்ஃப் பாதிக் கதைதான். எஸ்ஆர்ஐ காலத்து ஒற்றைக் கோப்பின் வாரிசு 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் ஒவ்வொரு கணினியிலும் இன்றும் இருக்கிறது. அதில் எழுதிய பெயரை டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டியதே இல்லை. முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பையா டிஎன்எஸ்ஸையா பார்ப்பது? பக்கத்தில் இருக்கும் கருவிகளை நேரடியாகக் கூப்பிட்டுக் கேட்கும் '.லோக்கல்' முறையை எப்போது பயன்படுத்துவது? இந்த வரிசை என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் என்னும் இன்னொரு கோப்பில் இருக்கிறது.

இயங்குதளத்தின் சொந்த லைப்ரரியைக் கூப்பிட்டால் இவை எல்லாம் தாமாக நடக்கும். 'கெட்-அட்ர்-இன்ஃபோ' என்பது அந்த அழைப்பின் பெயர். பிறகு ஏன் தனி லைப்ரரி எழுதுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான காரணங்கள் உண்டு. அந்த அழைப்பு பதில் வரும் வரை நிரலை நிறுத்தி வைத்துவிடும். ஒரே நேரத்தில் ஆயிரம் பெயர்களைத் தேடும் நிரலுக்கு அது ஆகாது. அது எண்ணை மட்டும் தரும். மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பது போன்ற பிற டிஎன்எஸ் பதிவுகளைத் தராது. அந்த விடை எவ்வளவு நேரம் செல்லும் என்பதையும் சொல்லாது. பாதுகாப்பும் ஒரு காரணம். முன்னே சொன்ன ஜிலிப்சி 2.9இல் நுழைந்த ஒரு பிழை 2016 பிப்ரவரியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அளவுக்கு மீறிப் பெரிய டிஎன்எஸ் பதில் ஒன்றை அனுப்பி அடுத்தவர் கணினிக்குள் புகுந்துவிடலாம் என்ற அளவுக்குக் கடுமையான பிழை அது.

இப்படிப்பட்ட காரணங்களால் வெவ்வேறு காலங்களில் தனி லைப்ரரிகள் வந்தன. எம்ஐடியின் கிரெக் ஹட்சன் ஏரெஸ் எழுதினார். அதிலிருந்து கர்ல் மென்பொருளின் டேனியல் ஸ்டென்பெர்க் சி-ஏரெஸை வளர்த்தெடுத்தார். பைத்தானுக்கு டிஎன்எஸ்பைத்தான், ஜாவாவுக்கு டிஎன்எஸ்ஜாவா வந்தன. கோ மொழி தனக்கென்று ஒன்றை உள்ளேயே வைத்துக்கொண்டது. ரஸ்ட் மொழிக்கு பெஞ்சமின் ஃப்ரை தொடங்கிய டிரஸ்ட்-டிஎன்எஸ், 2023இல் ஹிக்கரி டிஎன்எஸ் என்று பெயர் மாறியது. இவர்கள் எல்லோருடைய மேசையிலும் ஒரே வேலை வந்து நின்றது: கணினியில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் அமைப்புகளைக் கண்டுபிடித்து, படித்து, அதன்படி நடப்பது.

கேட்க எளிது. செய்வது அப்படி இல்லை. விண்டோஸில் ரிசால்வ்.கான்ஃப் கிடையாது. ரெஜிஸ்ட்ரி என்னும் தகவல் களஞ்சியத்திலும் ஒவ்வொரு இணைப்புக் கருவியிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வைஃபை, கேபிள், விபிஎன் என்று மூன்று இணைப்புகள் இருந்தால் மூன்றுக்கும் வேறு வேறு ரிசால்வர்கள் இருக்கலாம். மேக்கில் அந்தக் கோப்பு இருக்கிறது, ஆனால் பெரும்பாலான நிரல்கள் இதைப் பயன்படுத்துவதில்லை என்ற குறிப்போடு. உண்மையான அமைப்புகள் வேறிடத்தில் இருக்கின்றன. குறிப்பிட்ட களப்பெயருக்கு மட்டும் தனி ரிசால்வர் என்றுகூட அங்கே சொல்லி வைக்கலாம். புதிய லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்ற ஒரே முகவரிதான் தெரியும். அது அந்தக் கணினிக்குள்ளேயே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்னும் இடைத்தரகர் நிரல்.

நம் விவசாயியின் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு. அதன் அடித்தளம் லினக்ஸ்தான், ஆனாலும் ரிசால்வ்.கான்ஃப் அதில் கிடையாது. முன்பெல்லாம் 'நெட்.டிஎன்எஸ்1' போன்ற சில உள் பெயர்களைப் படித்து லைப்ரரிகள் சமாளித்தன. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, தனியுரிமையைக் காரணம் காட்டி அந்த வழியையும் மூடியது. இப்போது ஜாவா பக்கம் போய், இயங்குதளத்தின் இணைப்பு மேலாளரிடம் முறைப்படி கேட்க வேண்டும். சி-ஏரெஸ் அதற்கென்றே தனிப் பகுதி எழுதி வைத்திருக்கிறது. கேட்கத் தெரியாத நிரலுக்கு என்ன ஆகும்? சாதாரண லினக்ஸுக்காக கோ மொழியில் தொகுத்த ஒரு நிரலை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஓடவிட்டுப் பார்த்தால் தெரியும். கோப்பைக் காணோம் என்றதும் அது தன் கணினியின் 53ஆம் எண் வாயிலையே தட்டும். அங்கே யாரும் இல்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்று ஒரு வரி வரும். இணையம் முழுக்க வேலை செய்துகொண்டிருக்கும். அந்த நிரல் மட்டும் பெயர் தெரியாமல் நிற்கும்.

அமைப்புகளை ஒரு முறை படித்தாலும் போதாது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் பேருந்தில் இருப்பவரின் கைப்பேசி வழியெல்லாம் இணைப்பை இழந்து இழந்து பெறுகிறது. மேலே வந்ததும் ஏதாவது ஒரு வைஃபையில் சேருகிறது. ரிசால்வர் முகவரியும் அதோடு மாறுகிறது. லைப்ரரி தொடக்கத்தில் படித்ததையே பிடித்துக்கொண்டிருந்தால், அடிவாரத்து ரிசால்வரை மலைமேல் நின்று தேடிக்கொண்டிருக்கும். ஜிலிப்சியே பல காலம் இப்படித்தான் இருந்தது. மடிக்கணினியை வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் சில நிரல்களை மூடித் திறந்தால்தான் பெயர்கள் கிடைத்தன. 2017 ஆகஸ்டில் வந்த 2.26ஆம் பதிப்புதான் கோப்பு மாறியிருக்கிறதா என்று தானே பார்த்து மறுபடி படிக்கத் தொடங்கியது. கோ மொழியின் லைப்ரரி 5 வினாடிக்கு ஒரு முறை பார்த்துக்கொள்கிறது.

இத்தனை சிரமம் எதற்கு, எல்லோரும் அறிந்த பொது ரிசால்வர் ஒன்றின் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால் என்ன? கூகுளின் 8.8.8.8 2009 டிசம்பரிலிருந்து இருக்கிறது. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 2018 ஏப்ரல் 1இல் வந்தது. இரண்டும் நல்ல சேவைகள். டிரஸ்ட்-டிஎன்எஸ் லைப்ரரியில் எந்த அமைப்பும் சொல்லாமல் இயல்பு நிலையை எடுத்தால், பல பதிப்புகள் வரை கூகுளின் முகவரிகள்தான் வந்தன. கணினியின் அமைப்பைப் படிக்க வேண்டும் என்றால் நிரலாளர் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எனக்கு இந்த வழியில் உடன்பாடு இல்லை. காரணத்தை மலையிலிருந்தே சொல்கிறேன். ஒரு மலைப்பள்ளியில் விக்கிப்பீடியாவையும் பாடக் காணொளிகளையும் ஒரு சின்னக் கணினியில் சேமித்து, இணையம் இல்லாத நேரத்திலும் பிள்ளைகள் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். அதற்கு ஒரு பெயர் கொடுத்து, பள்ளி ரவுட்டரில் அந்தப் பெயரைப் பதிந்திருக்கிறார்கள். இப்படி உள்ளூருக்குள் மட்டும் புழங்கும் பெயர்களுக்காகவே '.இன்டர்னல்' என்ற முடிவை ஐகான் அமைப்பு 2024 ஜூலையில் ஒதுக்கி வைத்தது. அந்தப் பெயர் பள்ளி ரவுட்டருக்குத் தெரியும். 8.8.8.8க்குத் தெரியாது, தெரியவும் கூடாது. முகவரியை உள்ளே பொதிந்து வைத்த செயலி, பத்தடி தூரத்தில் இருக்கும் கணினியைப் பற்றி வெளியுலகத்திடம் கேட்டுவிட்டு, அப்படி ஒன்று இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லும். வெளி இணைப்பு அறுந்திருந்தால் அதைக்கூடச் சொல்லாது; காத்திருக்க வைக்கும்.

இன்னொரு காரணம் ஐபிவி6. உலகத்தில் ஐபிவி6 அதிகம் புழங்கும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியா இருக்கிறது. ஐபிவி6 மட்டுமே ஓடும் வலையமைப்பிலிருந்து பழைய முகவரி மட்டும் கொண்ட ஒரு சர்வரை அடைய, அந்த வலையமைப்பின் ரிசால்வர் டிஎன்எஸ்64 என்னும் முறையில் ஒரு புதிய முகவரியை உண்டாக்கித் தரும். அந்த முகவரி அந்த வலையமைப்புக்கே உரியது. வெளியிலிருக்கும் ரிசால்வருக்கு அதை உண்டாக்கத் தெரியாது. ஆண்ட்ராய்டு வேறொரு மாற்று ஏற்பாட்டால் இதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் எல்லாக் கருவிகளிலும் அது இருக்கும் என்று நம்பி லைப்ரரி எழுத முடியாது. ஐபிவி6 மட்டுமே உள்ள வலையமைப்பிலும் செயலிகள் இயங்கியாக வேண்டும் என்று 2016 ஜூனில் ஆப்பிள் விதித்தபோது, பெயர் தேடுவதை இயங்குதளத்திடமே விட்டிருந்த செயலிகளுக்கு வேலை குறைவாக இருந்தது.

உலாவிகளிலும் இந்த விவாதம் நடந்தது. டிஎன்எஸ் கேள்விகள் வெகு காலம் யாரும் படிக்கும்படி திறந்தே போய்க்கொண்டிருந்தன. மறைத்து அனுப்புவது நல்லதுதான். 2020 பிப்ரவரியில் ஃபயர்ஃபாக்ஸ் அமெரிக்கப் பயனர்களின் கேள்விகளை மறைகுறியாக்கி, வழக்கமாக கிளவுட்ஃபிளேருக்கு அனுப்பத் தொடங்கியது. வேண்டாம் என்று வலையமைப்பு சைகை காட்டவும் ஒரு வழி வைத்தது. அதே ஆண்டு மே மாதம் குரோம் வேறொரு முறையை எடுத்துக்கொண்டது. கணினி எந்த ரிசால்வரைச் சொல்கிறதோ அதிலேயே தொடர்ந்துகொண்டு, அந்த நிறுவனமே மறைகுறியாக்கிய சேவை தருகிறது என்றால் மட்டும் அதற்கு மாறியது. பாதுகாப்பும் கூடியது, இடத்தின் முடிவும் கெடவில்லை. லைப்ரரி எழுதுகிறவர்கள் பின்பற்ற வேண்டியது இரண்டாவது வழி என்றே சொல்வேன்.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு சங்கதி உண்டு. '.இலங்கை' 2010இலும், '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியவை 2011இலும் மூல சர்வர்களில் இடம்பெற்றன. 'கொல்லிமலை.இந்தியா' என்று ஒரு பெயரை ஒருவர் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். டிஎன்எஸ் வழியே தமிழ் எழுத்து அப்படியே போகாது. 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட சரமாக மாறித்தான் போகும். முதல் எழுத்தான 'கொ'வைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகத் தனித்தனியே சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மாற்ற வேண்டும் என்பது விதி. லைப்ரரி அந்தப் படியைத் தாண்டிவிட்டால் இரண்டும் வெவ்வேறு சரங்களாகிவிடும். ஒருவருக்குத் திறக்கும் பக்கம் இன்னொருவருக்குத் திறக்காது.

ஜிலிப்சியிடம் தமிழ்ப் பெயரைக் கொடுக்கும்போது, இதை மாற்றித் தேடு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் அது கணினியின் லோகேல், அதாவது மொழி-எழுத்து அமைப்பைப் பார்த்துத்தான் எழுத்துகளைப் படிக்கும். பின்னணியில் ஓடும் சேவைகள் பல நேரம் எந்த மொழி அமைப்பும் இல்லாத சூழலில்தான் தொடங்கப்படுகின்றன. உலாவியில் திறக்கும் தமிழ்ப் பெயர், அதே கணினியில் இரவில் தானாக ஓடும் நிரலுக்குக் கிடைக்காமல் போவதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம். தமிழ்க் களப்பெயர்கள் பரவ வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இந்த மூலையை ஒரு முறை பெருக்கிச் சுத்தம் செய்தாக வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. லைப்ரரிகளின் சோதனைத் தொகுப்பில் 'கொல்லிமலை' என்பதன் இரண்டு வடிவங்களையும் சேர்த்தாலே பாதிப் பிழைகள் வெளியே வந்துவிடும்.

நிரல் எழுதும் தமிழர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்த அத்தியாயத்தைப் படிக்கிறவர்களில் சிலராவது இந்த லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறவர்களாகவோ எழுதுகிறவர்களாகவோ இருப்பீர்கள். உங்கள் நிரலில் 8.8.8.8 என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். இருந்தால், அதற்கு முன்பு இயங்குதளத்தின் அமைப்பைப் படிக்கும் வரி ஒன்று வர வேண்டும். அந்த அமைப்பைப் படிக்க முடியவில்லை என்றால், அதைப் பயனருக்குத் தெரியும்படி சொல்லும் வரி ஒன்றும் வர வேண்டும். நிரல் எழுதாதவர்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று இருப்பதைத் திறந்து பாருங்கள். அதில் 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், நீங்கள் நிற்கும் வலையமைப்பு சொல்லும் ரிசால்வரைத்தான் கைப்பேசி கேட்கிறது. வேறு பெயர் ஏதாவது எழுதியிருந்தால், அதை எழுதியது யார், எதற்காக எழுதினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்தின் பெயரும் முதலில் போய்ச் சேரும் இடம் அது.